எஸ்டேட் டேமுக்கு ‘ஹை ஹசார்ட்’ முத்திரை குத்திட்டாங்க, வீட்ட வித்துட்டு கெளம்பணுமா?

வாசகர் கேள்வி: வணக்கம் அண்ணே. நாங்க இருக்கறது மலேசியாவுல, தெற்கு கெடாவுல ஒரு பழைய எஸ்டேட் டவுன். வெள்ளக்காரன் காலத்துல ரப்பர் ஃபேக்டரிக்கு தண்ணி எடுக்க கட்டுன மண் டேம் ஒண்ணு இருக்கு, ஒசரம் 20 அடி, கொளம் ஒரு 8 ஏக்கர். இப்ப அது பார்க். கரை மேல ஜோகிங் ட்ராக், பெடல் போட், ஓரத்துல காசுக்கு மீன் புடிக்கற எடம். கரைக்கு கீழ செம்பனை இருந்த நெலத்த வித்து தாமான், அதான் வீட்டு குடியிருப்பு, கட்டிட்டாங்க, எங்க அம்மா வீடு அங்கதான், மொதல் வரிசை, கரையில இருந்து 300 மீட்டர் இருக்கும். போன மாசம் ஒரு கன்சல்டன் ரிப்போர்ட்ல இது ‘ஹை ஹசார்ட் டேம்’னு எழுதியிருக்காங்க, அந்த ஒரு பக்கத்த மட்டும் யாரோ போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல விட்டுட்டாங்க. டேம் ஒடைய போவுதுன்னு ஒரு கூட்டம், எம்பது வருசமா நிக்குது ஒண்ணும் ஆவாதுன்னு பெரியவங்க ஒரு கூட்டம். கரை அடியில ஒரு எடம் எப்பவும் ஈரமாவே இருக்கு. தண்ணிய மொத்தமா தொறந்து விட சொல்லி மனு போடலாம்னு ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்து சங்கம்) மீட்டிங்ல பேசறாங்க, நான்தான் செயலாளர். என்ன பண்றது? வீட்ட வித்துடலாமா?

பதில்: வணக்கம் தங்கச்சி. மொதல்ல அந்த மனுவ நிறுத்தி வைங்க. தண்ணிய ஒரேயடியா தொறந்து விட்டா நீங்க எதுக்கு பயப்படறீங்களோ அதையே வரவழைச்ச மாதிரி ஆயிடும், காரணத்த கீழ சொல்றேன்.

அந்த ரிப்போர்ட்ல ‘ஹை ஹசார்ட்’னு போட்டிருக்கறது டேமோட ஒடம்ப பத்தி இல்ல, உங்கள பத்தி. கரை வெடிச்சிருக்கா, சாஞ்சிருக்கா, ஒழுகுதா, எதையும் அது சொல்லல. ஒருவேளை ஒடஞ்சா கீழ யார் யார் இருக்காங்க, உயிர் போவுமா, அது ஒண்ணுதான் அதுல கணக்கு. நேத்து கட்டி முடிச்ச, ஒரு கீறல் கூட இல்லாத டேமா இருந்தாலும் கீழ வீடு இருந்தா ஹை ஹசார்ட்தான். இடிஞ்சு விழற மாதிரி இருக்கற பழைய கரைக்கு கீழ வெறும் காடா இருந்தா அது லோ ஹசார்ட். அதே கேஸ் தோங்க காலி திடல்ல வெச்சா ஒரு மாதிரி, பிள்ளைங்க தூங்கற ரூம்ல வெச்சா வேற மாதிரி பாப்போம் இல்லையா, தோங் ஒண்ணுதான்.

அமெரிக்காவுல ஃபீமாங்கற பேரிடர் நிர்வாக அமைப்பு வெச்சிருக்கற முறைதான் ஒலகம் பூரா நெறைய பேரு எடுத்துக்கறது, மூணே படி. ஒடஞ்சா உயிர் போக வாய்ப்பில்ல, நஷ்டமும் பெரும்பாலும் சொந்தக்காரன் நெலத்தோட போயிடும்னா லோ. உயிர் போகாது ஆனா ரோடு, பாலம், கரண்ட், தண்ணி பைப், சுத்துப்புறம் இதுக்கெல்லாம் பெரிய நஷ்டம்னா நடுப்படி, அத சிக்னிஃபிகன்ட்னு போடுவாங்க. ஒரே ஒரு உயிர் போக வாய்ப்பிருந்தா கூட ஹை. நூறு பேரு இருக்கணும்னு இல்ல, ஒருத்தர் போதும். கனடாவுல இதுக்கும் மேல பிரிச்சு, 10 பேர் வரைக்கும் போனா ஒரு படி, 100 வரைக்கும் அடுத்த படி, அதுக்கு மேல கடைசி படின்னு வெச்சிருக்காங்க. ஆஸ்திரேலியாவுல வெள்ளம் வர்ற எடத்துல எத்தன பேரு இருப்பாங்கங்கற தலைக்கணக்கையும் நஷ்டத்தோட அளவையும் சேத்து பாப்பாங்க. நம்ம நாட்டுல ஜேபிஎஸ் (வடிகால், நீர்ப்பாசன இலாகா) 2017ல மைடேம்ஸ்னு ஒரு வழிகாட்டி வெளியிட்டாங்க, டேம் பாதுகாப்ப எப்படி பாத்துக்கணும்னு. உங்க கன்சல்டன் எந்த முறைய வெச்சு முத்திரை குத்தியிருக்காருங்கறது முழு ரிப்போர்ட்லதான் இருக்கும், அந்த ஒரு பக்கம் பத்தாது. அத எப்படி வாங்கறதுன்னும் சொல்றேன்.

சின்ன டேமுக்கு போயி இவ்ளோ பேச்சான்னு உங்க பெரியவங்க கேப்பாங்க. நியாயமான கேள்விதான். ஐகோல்ட்னு ஒரு ஒலக அமைப்பு இருக்கு, அவங்க கணக்குல ‘பெரிய டேம்’னா 15 மீட்டர் ஒசரம் இருக்கணும், இல்ல 5 மீட்டருக்கு மேல இருந்து 30 லட்சம் கன மீட்டருக்கு மேல தண்ணி புடிக்கணும். உங்களது அதுல எங்கயும் வராது. 8 ஏக்கர்ல சராசரி 2 மீட்டர் ஆழம்னு வெச்சா ஏறக்கொறைய 65,000 கன மீட்டர்தான். ஆனா ஒரு கன மீட்டர் தண்ணி ஒரு டன் எடை. 65,000 டன் கரைக்கு பின்னால ஒக்காந்திருக்கு. இதுக்கு முன்ன ஒடஞ்ச டேமுங்கள வெச்சு ஃப்ரோலிக்குனு ஒரு இஞ்சினியர் 1995ல ஒரு ஃபார்முலா போட்டாரு, அதுல உங்க நம்பர போட்டு பாத்தேன், உச்சத்துல செகண்டுக்கு 150 கன மீட்டர் பக்கம் வருது. இது தோராயம், பாதியாவும் இருக்கலாம் ரெட்டிப்பாவும் இருக்கலாம், இத வெச்சு யாரும் முடிவெடுக்க கூடாது. ஆனா சைஸ் புரியுதுல்ல? உங்க தாமான் லோங்காங் (சாக்கடை) தாங்குற தண்ணி இல்ல இது. 300 மீட்டர கடக்க செகண்டுக்கு 2 மீட்டர் வேகம்னு வெச்சா கூட ரெண்டரை நிமிசம். ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மாவ எழுப்பி செருப்பு தேடி கதவு சாவி எடுக்கறதுக்குள்ள வந்துடும். கன்சல்டன் ஹை போட்டது சரின்னுதான் நானும் சொல்லுவேன், போடாம விட்டிருந்தாத்தான் அந்தாளு மேல சந்தேகம் வரணும்.

இப்ப எம்பது வருசமா நிக்குதுங்கற பேச்சு. அந்த டேம கட்டுனப்ப கீழ என்ன இருந்துச்சு? பால்மரம், அப்புறம் செம்பனை. வெள்ளக்கார கம்பெனி ஸ்பில்வே போட்டப்ப, அதான் தண்ணி ரொம்பிட்டா ஓரமா வழிஞ்சு போற கால்வாய், ஒடஞ்சா போறது நம்ம மரம்தானன்னு ஒரு கணக்குல போட்டிருப்பான், அதுல தப்பு சொல்ல முடியாது. பிரிட்டன்ல டோல்கரோக்னு ஒரு ஊர்ல 1925ல மேல இருந்த கான்கிரீட் டேம் ஒடஞ்சு, அந்த தண்ணி கீழ இருந்த மண்டேமையும் ஒடைச்சு 16 பேரு செத்தாங்க, அதுக்கப்புறம் 1930ல அவங்க நாட்டுக்குன்னு ரெசர்வாயர் பாதுகாப்பு சட்டம் போட்டுக்கிட்டாங்க. நம்ம தோட்டத்துக்கு அது கப்பலேறி வரல, அது வேற கதை. விசயம் என்னன்னா டேம் இருந்த எடத்துலயேதான் இருக்கு, மனுசங்கதான் அது கீழ வந்து சேந்தோம். இதுக்கு யாரும் முத்திரைய மாத்தி எழுதாம விட்டாங்கன்னா அதுதான் ஆபத்து.

ஹவாய்ல காவாய் தீவுல காலோகோனு ஒரு மண் டேம், 1890 வாக்குல கரும்பு தோட்டத்துக்காக கட்டுனது, நம்ம கதை மாதிரியேதான். தோட்டம் போச்சு, நெலம் கை மாறுச்சு, கீழ வீடு வந்துச்சு. ரெக்கார்டுல அது லோ ஹசார்ட். 2006 மார்ச் 14 விடியற நேரத்துல, பல வாரமா பேஞ்ச மழைக்கப்புறம், ஒடஞ்சு 7 பேரு போனாங்க. விசாரணையில பெருசா பேசப்பட்டது ஸ்பில்வே, அது மண்ணால மூடி கெடந்துச்சுன்னு. பாத்தீங்களா, முத்திரையும் தப்பு, தண்ணி போற வழியும் அடைப்பு. உங்களுக்கு முத்திரையாவது சரியா விழுந்திருக்கு.

பழசுன்னா ஸ்ட்ராங்குன்னு நம்பறவங்களுக்கு பக்கத்து நாட்டுலயே ஒண்ணு இருக்கு, ஜாக்கர்த்தா ஓரத்துல சித்து கிந்துங். டச்சுக்காரன் 1930கள்ல கட்டுனது, மண்கரை, ஜனங்க காத்து வாங்க போற ஏரி, கரைக்கு கீழயே வீடுங்க. 2009 மார்ச் 27, கனத்த மழை ராத்திரி, விடியக்காலையில ஒடஞ்சு 100 பேரு பக்கம் செத்தாங்க. அது உங்களோடத விட 30 மடங்கு தண்ணி, அதனால அப்படியே ஒப்பிட்டு பயந்துடாதீங்க, ஆனா எழுபத்தஞ்சு வருசம் நின்ன கரைதான் அது.

இன்னொண்ணு, எஸ்டேட் காலத்துல அந்த டேமுக்கு ஒரு ஆளு இருந்திருப்பாரு. மண்டோரோ வாட்ச்மேனோ, மழை பேஞ்சா தொரை கேக்கறதுக்கு முன்ன போயி ஸ்பில்வேயில மாட்டுன கட்டைய எடுத்துட்டு, புல்ல வெட்டிட்டு, தண்ணி எவ்ளோ ஏறியிருக்குன்னு கிராணிகிட்ட வந்து சொல்ற ஆளு. பெரியவங்க கூட்டத்துல கேட்டு பாருங்க, பேரே சொல்லுவாங்க. இப்ப அந்த வேலைய யாரு பாக்கறா? எம்பது வருசம் நின்னுச்சுன்னா அதுல பாதி அந்த ஆளோட ஒழைப்பு, அத கழிச்சுட்டு டேம மட்டும் நம்பறது எனக்கு ஒத்து வரல.

சரி, முத்திரை ஒடம்ப பத்தி இல்லன்னா ஒடம்ப எப்படி பாக்கறது. மண் டேம் பொதுவா ரெண்டு வழியில போவும், தண்ணி தலைக்கு மேல ஏறி கரைய அரிச்சுட்டு போறது ஒண்ணு, உள்ளுக்குள்ளயே மண்ண மெல்ல மெல்ல திருடிக்கிட்டு ஒரு குழாய் மாதிரி வழி பண்ணிக்கறது ஒண்ணு. இதுவரைக்கும் ஒடஞ்ச மண் டேமுல பெரும்பாலானது இந்த ரெண்டு வழியிலதான், ஏறக்கொறைய பாதிக்கு பாதி, கரை சரிஞ்சு விழறது எல்லாம் கொஞ்சம்தான்.

தலைக்கு மேல ஏறுறத தடுக்கறது ஸ்பில்வே. நாளைக்கே போயி பாக்க வேண்டியது இதான். மீன் புடிக்கற எடத்துக்காரரு மீன் ஓடிட கூடாதுன்னு ஸ்பில்வே வாயில வலையோ கம்பி ஜாலியோ கட்டியிருக்காரான்னு பாருங்க, எனக்கு என்னவோ கட்டியிருப்பாருன்னுதான் தோணுது, நான் பாத்த பாதி கொளத்துல இருக்கும். பெடல் போட் தரை தட்டாம இருக்க மணல் மூட்டை அடுக்கி தண்ணிய ஒரு அடி ஏத்தி வெச்சிருந்தா அது இன்னும் மோசம். இது சாதாரண விசயம்னு நெனைக்காதீங்க. 1889ல அமெரிக்காவுல சவுத் ஃபோர்க் டேம், பணக்காரங்க மீன் புடிச்சு போட் விடற கிளப்போட ஏரி, மண்கரை. மீன் தப்பிக்க கூடாதுன்னு ஸ்பில்வேயில ஜாலி போட்டிருந்தாங்க, வண்டி போக அகலம் வேணும்னு கரைய கொஞ்சம் தாழ்த்துனாங்க, அடியில தண்ணி தொறந்து விடற பைப்ப எப்பவோ கழட்டி வித்துட்டு திரும்ப போடவே இல்ல. மே 31ம் தேதி மழையில ஜாலியில குப்பை அடைச்சு, தண்ணி கரை மேல ஏறி, கீழ இருந்த ஜான்ஸ்டவுன் ஊர அடிச்சுட்டு போச்சு, 2,209 பேரு. மீனுக்காக கட்டுன கம்பி ஜாலி. உங்க கூட்டத்துல இத ஒருத்தராவது எந்திரிச்சு சொல்லுங்க.

ஜோகிங் ட்ராக்கையும் பாருங்க. கரையோட தலை ஒரே மட்டமா இருக்கணும். எங்கயாவது நடுவுல பள்ளமா எறங்கி, மழைக்கு தண்ணி தேங்குற எடம் இருந்தா, தண்ணி ஏறும்போது மொத்தமும் அங்கதான் பாயும், அங்கதான் அரிக்க ஆரம்பிக்கும். வெளக்கு கம்பத்துக்கு கேபிள் பொதைக்கறேன்னு கரைய குறுக்க வெட்டியிருந்தா அதையும் குறிச்சு வைங்க. மரம் நடு விழா நடத்தி ஒய்பி (மக்கள் பிரதிநிதி) கையால கரை மேல நட்ட மரம் ஏதும் இருக்கா? இருக்கும். நல்ல எண்ணத்துலதான் நட்டிருப்பாங்க, ஆனா பெரிய மரம் புயல் காத்துல சாஞ்சா வேரோட ஒரு லோரி மண்ண பேத்துக்கிட்டு வரும், செத்த மரத்தோட வேரு மக்கி போனா உள்ளுக்குள்ள தண்ணிக்கு ரெடிமேட் வழி. அதுக்காக கோத்தோங் ரோயோங் (ஊர் கூடி செய்யற வேலை) போட்டு எல்லாத்தையும் நீங்களே வெட்டிடாதீங்க, பெரிய மரத்த வெட்டி அடிக்கட்டைய விட்டா அந்த வேரும் மக்கத்தான் போவுது, வேர தோண்டி எடுத்து மண்ணு போட்டு கெட்டிச்சு அடைக்கணும், அது இஞ்சினியர் நின்னு பாக்க வேண்டிய வேலை. புல்லு வெட்டறது, புதர் எடுக்கறது, சின்ன செடி புடுங்கறது, இதெல்லாம் தாராளமா செய்யலாம். புல்லு சின்னதா இருந்தாத்தான் பியாவாக் (உடும்பு) பொந்து, முள்ளம்பன்னி தோண்டுன வளை, கரையான் புத்து எல்லாம் கண்ணுல படும்.

அந்த ஈரம். மண் டேம் எல்லாமே கொஞ்சம் கசியும், கசியறதே தப்புன்னு இல்ல. நெறத்த பாருங்க. தெளிவா, வருசம் பூரா ஒரே அளவா வந்தா கவனிச்சுக்கிட்டு இருக்கலாம். கலங்கலா வந்தா மண்ணு சேந்து வருது, கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம். ஒரு பழைய மினரல் வாட்டர் போத்தல்ல புடிச்சு ராத்திரி முழுக்க அசைக்காம வைங்க, காலையில அடியில மண்ணு தங்கியிருக்கான்னு பாத்தா தெரிஞ்சிடும். ஓடற அளவு இருந்தா சின்ன பைப் சொருகி ஒரு வாளி ரொம்ப எத்தன செகண்ட் ஆவுதுன்னு கைபேசியில பாத்து எழுதி வைங்க. கொளத்துல ஒரு கம்ப நட்டு அளவு பெயின்ட் அடிச்சுக்கோங்க. வாளி எத்தன செகண்ட், கொளம் என்ன அளவு, நேத்து மழையா, இது மூணையும் ஒரே நோட்டுல எழுதிக்கிட்டே வந்தீங்கன்னா அது எந்த இஞ்சினியருக்கும் தங்கம். கொளத்து மட்டம் மாறாமலே கசிவு மட்டும் மாசா மாசம் கூடுதுன்னா அத வெச்சு சத்தமா பேசலாம்.

ஈரம் அந்த பழைய ஃபேக்டரி பைப்புக்கு பக்கத்துலயா இருக்கு? இந்த ஒண்ண நீங்க எழுதல, எனக்கு ரொம்ப முக்கியமா படறது இதுதான். கரைக்கு நடுவுல பொதைச்ச இரும்பு பைப்பு வெளிப்பக்கத்த ஒட்டிக்கிட்டே தண்ணி நடக்க பாக்கும், ஏன்னா பைப்ப சுத்தி மண்ண கெட்டிக்கறது கஷ்டம், பைப்பு துருப்புடிச்சு ஓட்டையானா உள்ளுக்கே மண்ண இழுக்கும். கொலராடோவுல லான் லேக்னு 1903ல கட்டுன மண் டேம் 1982 ஜூலை 15 ஒடஞ்சதுக்கு தொறப்பு பைப்போட மூட்டுல கசிஞ்ச தண்ணிதான் காரணம்னு சொன்னாங்க, 3 பேரு போனாங்க. அன்னைக்கு அங்க மழை வெள்ளம் எல்லாம் இல்ல. அதனால வெயில் காலம்தானன்னு இருந்துட கூடாது.

யாராவது நல்ல மனசோட ஈரம் வர்ற எடத்துல செமெண்டோ களிமண்ணோ அப்பி அடைக்க பாப்பாங்க, விடாதீங்க. கீழ்ப்பக்கத்துல அடைச்சா தண்ணி நிக்காது, உள்ளுக்குள்ள அழுத்தம் ஏறி வேற எடத்துல வெடிச்சுக்கிட்டு வரும். தண்ணிய வர விட்டு மண்ண மட்டும் புடிச்சு வெக்கணும், அதுக்கு மேல சுத்தமான மணல், அது மேல சின்ன கல்லு, அது மேல பெரிய கல்லுன்னு போடறதுதான் முறை, அதையும் ஆள் வந்து பாத்து போடட்டும்.

தண்ணிய தொறந்து விடற பேச்சுக்கு வர்றேன். கொளத்து பக்கத்து சரிவு வருசக்கணக்கா தண்ணியில ஊறி கெடக்கு, வெளிய இருக்கற தண்ணிதான் அத தாங்கி புடிச்சுக்கிட்டும் இருக்கு. திடீர்னு தண்ணிய எறக்குனா தாங்கலும் போச்சு, மண்ணுக்குள்ள இருக்கற தண்ணி அவ்ளோ சீக்கிரம் வடியாது, சரிவு அப்படியே வழுக்கி உள்ள விழும். அதான் ஒரு நாளைக்கு ஒரு அடிக்கு மேல எறக்காதன்னு பொதுவா சொல்றது. அதோட அந்த பழைய வால்வு எம்பது வருசத்து துரு, அத ரெண்டு ஆளு பைப் போட்டு முறுக்குனா தொறக்கும், திரும்ப மூடாது. மட்டத்த கொஞ்சம் எறக்கி வெக்கறது நல்ல ஐடியாதான், மழைக்காலத்துக்கு முன்ன ரெண்டு மூணு அடி எறக்கி வெச்சா மனசுக்கும் நிம்மதி, கரைக்கும் எடம் கெடைக்கும், வால்வ தொட பயமா இருந்தா கரை மேலால பெரிய ட்யூப் போட்டு சைஃபன் முறையிலயே எறக்கலாம். ஆனா மனுவுல ‘மொத்தமா தொறந்து விடு’ன்னு எழுதாதீங்க, ‘இஞ்சினியர் மேற்பார்வையில படிப்படியா மட்டத்த எறக்கி வெக்கவும்’னு எழுதுங்க. போட் காரருக்கு நஷ்டம்தான், மூணு மாசம் பொறுக்கட்டும்.

அந்த முத்திரையோட உண்மையான பலன் என்னன்னா, ஹை ஹசார்ட்னு ஆயிட்டா டேம் தாங்க வேண்டிய வெள்ளத்தோட அளவே மாறுது. லோ படியில இருக்கற சின்ன டேமுக்கு 100 வருச வெள்ளம்னு சொல்றத தாங்குனா போதும்னு பல எடத்துல விட்டுடுவாங்க. 100 வருசத்துக்கு ஒருக்கா வரும்னு கேக்க நல்லாத்தான் இருக்கு, கணக்கு என்னன்னா எந்த ஒரு வருசத்துலயும் வர 100க்கு 1 வாய்ப்பு, அம்மா வீட்டு பேங்க் லோன் 30 வருசம்னா அதுக்குள்ள ஒரு தடவையாவது வர வாய்ப்பு 26 விழுக்காடு, நாலுல ஒண்ணுக்கு மேல. வீடுங்க கீழ இருக்கற டேமுக்கு அது பத்தாது, அமெரிக்காவுல ஹை படிக்கு பெரும்பாலும் அந்த எடத்துல அதிகபட்சமா வரக்கூடிய வெள்ளத்தையே கணக்குல எடுக்க சொல்றாங்க. 2021 ஆகஸ்ட்ல ஜெராய் மலையில இருந்து கெப்பாலா ஆயேர், அதான் திடீர் மலை வெள்ளம், எறங்குனத நீங்க மறந்திருக்க மாட்டீங்க, கெடாவுல மழை என்ன செய்யும்னு நான் சொல்லணுமா. செம்பனைக்கு போட்ட ஸ்பில்வே உங்க தாமானுக்கு பத்தும்னு எனக்கு தோணல, அகலப்படுத்தறதோ கரைய ஒசத்தறதோ தேவைப்படும், அத கணக்கு போட்டு சொல்ல சொல்லி கேக்கற உரிமைய அந்த முத்திரைதான் உங்களுக்கு குடுக்குது. அதனால அந்த கன்சல்டன திட்டாதீங்க, ஊர்ல சில பேரு வீட்டு வெல எறங்கிடும்னு முத்திரைய எடுக்க சொல்லி அழுத்தம் குடுப்பாங்க பாருங்க, அதுக்கு மட்டும் கையெழுத்து போட்டுடாதீங்க.

யார கேக்கறது? நம்ம நாட்டுல நெலமும் தண்ணியும் மாநில விசயம். அந்த கொளம் இருக்கற லாட் யாரு பேருல இருக்குன்னு பெஜாபாட் தானாவுல (நில அலுவலகம்) காரியான் ராஸ்மி (சொந்தக்காரர் பேரு காட்டுற அதிகாரப்பூர்வ பதிவு) எடுங்க, எஸ்டேட் கம்பெனியா, டெவலப்பரா, இல்ல பார்க்குக்குன்னு மஜ்லிஸ்கிட்ட (நகராண்மைக் கழகம்) போயிடுச்சான்னு அப்பத்தான் தெரியும், அது தெரியாம நாலு ஆபீசுக்கு அலைஞ்சா நாலு பேரும் அடுத்தவன கை காட்டுவான். அப்புறம் ஒரே சூராட் (கடிதம்), மலாய்ல, ருக்குன் தெத்தாங்கா பேருல, சொந்தக்காரருக்கு, நகல் மஜ்லிஸ், ஜேபிஎஸ் டேரா (மாவட்ட ஜேபிஎஸ்), பெஜாபாட் டேரா (மாவட்ட அலுவலகம்), பொம்பா (தீயணைப்பு), உங்க ஆடுன் (சட்டமன்ற உறுப்பினர்) எல்லாருக்கும். பெஜாபாட் டேராவ விட்டுடாதீங்க, மாவட்ட பேரிடர் குழுவுக்கு டிஓதான் (மாவட்ட அதிகாரி) தலைவர். ஒவ்வொரு எடத்துலயும் சாப்பு அடிச்ச நகல வாங்கி ஃபைல்ல வைங்க. சூராட்ல கோவமா எழுத வேணாம், கேள்வி மட்டும் போதும். ரிப்போர்ட் முழுசா வேணும், அதுல கரையோட நெலமைய பத்தி தனியா எழுதியிருக்கா, ஸ்பில்வே எந்த வெள்ளத்துக்கு தாங்கும், ஒடஞ்சா தண்ணி எது வரைக்கும் வரும்ங்கற மேப் இருக்கா, அவசர திட்டம் இருக்கா, வருசா வருசம் யாரு இன்ஸ்பெக்ஷன் பண்றது. இன்ஸ்பெக்ஷன் பண்றவரு போர்ட் ஆஃப் இஞ்சினியர்ஸ்ல பதிஞ்ச ஆளா, மண் டேம் பாத்த அனுபவம் இருக்கான்னு கேளுங்க, வீட்டு பிளான் போடற இஞ்சினியர் எல்லாம் இதுக்கு வேணாம்.

அந்த மேப்பு வந்தா கோயில் எங்க வருதுன்னும் பாக்கணும். ஆத்தோரத்துல கோயில் இருக்கறது நம்ம வழக்கம், சாதாரண நாள்ல நாலு பேரு இருக்கற எடத்துல தீமிதி அன்னைக்கு ஆயிரம் பேரு நிப்பாங்க. கணக்கு எடுக்கறவங்க வீட்ட மட்டும் எண்ணிட்டு போயிடுவாங்க, திருவிழா தேதிய நீங்கதான் எழுதி குடுக்கணும்.

அவசரத்துக்குன்னு பெருசா ஒண்ணும் வேணாம், மேடான எடம் எது, எந்த ரோடு வழியா போறது, பள்ளத்து பக்கம் ஓட கூடாது, படுக்கையில இருக்கற பெரியவங்க எந்தெந்த வீட்டுல, யாரு தூக்கறதுன்னு மொதல் மூணு வரிசைக்கு மட்டும் பேசி வெச்சா போதும். வாட்ஸ்அப்ப நம்பாதீங்க, ராத்திரி எல்லாரும் சைலன்ட்ல போட்டிருப்பாங்க, கோயில் மணியோ சூராவ் ஒலிபெருக்கியோ பேசி வைங்க. கரையில புதுசா பள்ளம் விழுந்திருந்தா, கீழ்ச்சரிவுல மண்ணு சரிஞ்சிருந்தா, கசிவு திடீர்னு கலங்கலா வேகமா வந்தா, கொளத்துல தண்ணி சுழிச்சுக்கிட்டு எறங்குனா போட்டோ எடுத்துக்கிட்டு நிக்காம மொதல்ல வீடுங்கள காலி பண்ணுங்க, 999 அடிங்க.

வீட்ட விக்கறத பத்தி. முத்திரைய மட்டும் வெச்சு நான் விக்க மாட்டேன். முழு ரிப்போர்ட்ல கரை நெலமை மோசம்னு இருந்து, ஸ்பில்வேயும் பத்தாதுன்னு இருந்து, சொந்தக்காரர் யாருன்னே முடிவாகாம இழுத்துச்சுன்னா அப்ப யோசிப்பேன், அதுவும் மழைக்காலத்துக்கு அம்மாவ வேற எடத்துல வெச்சுட்டு. இப்பத்திக்கு அம்மா வீட்டு இன்சூரன்ஸ எடுத்து பாருங்க, பேங்க் போட்டது வெறும் தீ பாலிசின்னா வெள்ளம் அதுல இருக்காது, தனியா சேக்கணும், இல்ல ஹவுஸ்ஓனர் பாலிசியா மாத்தணும், அதுக்கு ஆவற செலவு கம்மிதான். ஈரம் பைப்பு பக்கத்துலயா தள்ளியான்னு மறக்காம பாத்து எழுதுங்க, போத்தல் தண்ணி போட்டோவையும் அனுப்புங்க, பைப்பு பக்கத்துலன்னா சூராட் பதிலுக்கு காத்திருக்காம நேரா ஜேபிஎஸ் டேரா கவுண்டருக்கு போங்க.